மாப்பிள்ளை புகழ்ந்த அறை

போன வாரம் இங்கே பிரான்சில் என் முதலாளியம்மா மதாம் ஒரு புத்தம் புதிய நாற்காலியையும் ஒரு சாவிக்கொத்தையும் என் கையில் கொடுத்து, இதை நன்றாக அடி என்றார். நாற்காலி என்ன குற்றம் செய்தது என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வரும். ஆனாலும் கேட்கவில்லை. நாலு வருஷமாக இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சாவிக்கொத்தால் தட்டித் தட்டி மரத்தில் சிறு பள்ளங்கள் உண்டாக்க வேண்டும். பிறகு சாம்பலும் நீலமும் கலந்த வண்ணம் பூச வேண்டும். காய்ந்ததும், கை படுகிற இடம், முதுகு சாய்கிற இடம், கால் இடிக்கிற இடம் என்று பார்த்துப் பார்த்து அந்த வண்ணத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். மூன்று நாள் பாடுபட்டால் நேற்றுச் செய்த நாற்காலி யாரோ ஒருவருடைய பூட்டனார் காலத்து நாற்காலியாகிவிடும். பாரிஸிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்குகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிப் பெருமூச்சு விடுவார்கள். காரைக்காலில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நம் ஊரில் பழைய சாமானைப் புதிதாகக் காட்டத்தான் எல்லோரும் மெனக்கெடுவோம்.

மதாமுடையது ஓபெர்ழ். அதாவது, கீழே சாப்பாடு, மேலே ஏழு அறைகள், கிராமத்துக் காற்று வாங்க வருகிறவர்கள் தங்கிப் போகும் விடுதி. நான் இங்கே டிரைவர், வண்ணம் பூசுகிறவன், கூரை ஏறுகிறவன், விறகு பிளக்கிறவன் எல்லாம். வந்த முதல் மாதம் மதாம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன். வண்ணம் பொரிந்து பொரிந்து உதிர்ந்து கிடந்தது. பாவம், ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று நினைத்து, முழுவதையும் இழைத்துத் தள்ளிவிட்டு, நம் ஊர்க் கதவுகளுக்கு அடிப்போமே, அந்தப் பச்சை வண்ணத்தைப் பளபளவென்று இரண்டு பூச்சு அடித்து வைத்தேன். மதாம் வந்தார், பார்த்தார், மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ணில் நீர். நன்றியில் அழுகிறார் என்று நினைத்துவிட்டேன். "அழாதீர்கள் மதாம், நாற்காலிகள் ஆறு பாக்கி இருக்கின்றன, நாளைக்கு அவற்றையும் முடித்துவிடுகிறேன்" என்று தேற்றினேன். அவர் இன்னும் பலமாக அழுதார். அந்த மேசையை மறுபடி பழசாக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இந்தக் கலையை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

இந்தக் கலையால் காரைக்காலில் என் மாமி வீட்டில் நடந்த ஒரு காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறான். அங்கே அவனுக்கென்று ஓர் அறை இருக்கும். வீட்டிலேயே நல்ல கட்டில், நல்ல கண்ணாடி, நல்ல விளக்கு எல்லாம் அந்த மாப்பிள்ளை அறையில்தான். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவனுக்கு அவமானம். இது சரியில்லை என்று குறையும் சொல்லக் கூடாது. சொன்னால் பெண் வீட்டுக்கு அவமானம். அதனால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றால், மாப்பிள்ளை எதைப் புகழ்கிறான் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு இருப்பார்கள். புகழ்ந்தால் கேட்கிறான் என்று அர்த்தம். கலியாணமான புதிதில், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுச் சுவர்க்கடிகாரம் அடிக்கிற ஓசை இனிமையாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதே ஓசை என் தலைமாட்டில் கேட்டது. அன்றிலிருந்து வாயை அடக்கக் கற்றுக்கொண்டேன். கடலைத் தாண்டியதும் அதை மறந்துவிட்டேன்.

முதலில் வியட்நாமில், சைகோனில் என் பெரியவாப்பாவின், அதாவது பெரியப்பாவின், துணிக்கடையில் இருந்தேன். அங்கே சண்டை முற்றிக் கடையை மூடும்படி ஆனது. கடைக்கு வாடிக்கையாக வந்துகொண்டிருந்த மதாம், கணவரை இழந்து சொந்தக் கிராமத்துக்குத் திரும்புகிற நேரம். கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இங்கே எனக்குக் கிடைத்த இடம் லாயத்துக்கு மேலே வைக்கோல் போடும் பரண். கீழே ஒரு கழுதை. குளிர்காலத்தில் அதன் மூச்சுச் சூடு பலகை வழியே மேலே வரும். அந்த மட்டில் சௌகரியம்தான். ஆனால் காரைக்காலில், பிரான்சில் இருக்கும் மாப்பிள்ளை என்று பேர் வாங்கியிருந்தேன். லாயத்துக்கு மேலே படுத்திருக்கிறேன் என்று மனைவி சுலைகாவுக்கு எழுதக் கை வரவில்லை. அதனால் விடுதியில் நான் வண்ணம் பூசிய நாலாம் எண் அறையை என் அறை என்று எழுதிவிட்டேன். ஒரு பொய்யை எழுதினால் அதற்குச் சாமான்கள் வேண்டும் அல்லவா? சாம்பல் கலந்த நீல ஜன்னல் கதவுகள், வலை போலப் பின்னிய வெள்ளைத் திரை, சுவரெல்லாம் சின்னச் சின்ன ரோஜாப்பூ, அங்கங்கே வண்ணம் உதிர்ந்த கட்டில், ஊதாப்பூவை உலர்த்திப் பொட்டலம் கட்டிப் போட்ட துணி அலமாரி, சுவரோடு சேர்த்துக் கட்டிய குளிர்காயும் அடுப்பு, அதன் மேல் ஒரு பீங்கான் சேவல். மாதம் ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு சாமான். சுலைகா அவற்றை மாமிக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் அதை எந்தக் காதால் கேட்பார்கள் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆறு மாத விடுப்பில் ஊருக்குப் போனேன். பேரளத்தில் வண்டி மாறி ஏறியதும், சுங்கக்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லுவார் என்று சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதோடு அந்தச் சோதனையும் போய்விட்டதாம். பெட்டியில் பயப்படும்படி எதுவும் இல்லை, திரும்பிப் போகிற கப்பல் டிக்கெட்டைத் தவிர. அடுத்த சீசனுக்கு வந்துவிடுவதாக மதாமுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டிலோ நான் ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தார்கள். நானும் இல்லை என்று எழுதியிருக்கவில்லை.

சலாம் சொல்லி, கால் கழுவி, மாப்பிள்ளை அறையின் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நாலாம் எண் அறை என் எதிரே இருந்தது. இருந்தது என்றால், காரைக்கால் கைக்கு வந்த நாலாம் எண் அறை. ஜன்னலுக்குப் படகுக்கு அடிக்கிற நீலம். நான் சாம்பல் கலந்தது என்று எழுதியிருந்ததால் அடுப்புச் சாம்பலைச் சலித்து அதில் கலந்திருந்தார்கள். நிறம் அப்படியே பொருந்திவிட்டது, தொட்டால்தான் சொரசொரத்தது. ரோஜாப்பூ போட ஆள் தேடி, கடைத்தெருவில் டிரங்குப் பெட்டிக்குப் பூப்போடுகிறவரைப் பிடித்து வந்திருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்தது ஒரே ரோஜா. இரண்டு இலையும் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளியுமாக அதையே நூற்றுக்கணக்கில் சுவர் முழுக்கப் போட்டிருந்தார். திரை, காரைக்கால்மேட்டு மீனவர்களிடம் நல்ல மெல்லிய நூலில் சொல்லிப் பின்னச் செய்த வலை. கஞ்சி போட்டு விறைப்பாக்கி, ஓரத்தில் குஞ்சம் கட்டியிருந்தது. அலமாரியில் ஊதாப்பூவுக்குப் பதில் வெட்டிவேரும் உலர்ந்த மரிக்கொழுந்தும். உருவம் வைத்த அறைக்கு வானவர்களான மலக்குகள் வர மாட்டார்கள் என்று மாமி சொல்லிவிட்டதால் சேவல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு பித்தளைக் கெண்டி உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே, வியர்வை வழிகிற சித்திரை மாதத்தில், செங்கல் வளைவும் புகைப்போக்கியுமாகக் குளிர்காயும் அடுப்பு.

சாப்பாடு ஆனதும் மாமியின் குரல் கதவுக்குப் பின்னால் கேட்டது. மாமா மவுத்தான பிறகு அந்த வீட்டை நடத்துவது அவர்தான். என் எதிரே வந்து நின்று பேசும் வழக்கம் இல்லை.

"கொறை ஒண்ணும் இல்லையே மாப்புள?"

"ஒண்ணும் இல்லைங்க மாமி. ரொம்ப அழகா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் கதவின் கீல் ஒன்றைச் சரிசெய்ய ஆசாரி வந்தார். போலகத்துக்காரர், தலை நரைத்தவர். கட்டிலின் பக்கம் திரும்பவே இல்லை. நான் வலியப் போய் வேலை நன்றாக இருக்கிறது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பது வருஷமா வேல செய்யிறேங்க பாய். நான் செஞ்ச சாமான்ல வண்ணம் உதிர்ந்துச்சுன்னு ஒருத்தரு சொன்னதில்ல. இந்தக் கட்டிலுக்கு நல்லா மூணு பூச்சு அடிச்சு வச்சேன். உங்க வீட்டம்மா வந்து தேங்கா ஓட்டக் கையில குடுத்து, சுரண்டுங்க ஆசாரின்னாங்க. கண்ண மூடிக்கிட்டுச் சுரண்டுனேன். இத நான் செஞ்சேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"பொறகு ஏன் செஞ்சீங்க?"

அவர் உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அங்க இருக்குற ரூமு மாதிரியே இங்கயும் இருந்துட்டா, அவங்க திரும்பிப் போவ மாட்டாங்க ஆசாரின்னாங்க. அப்படிச் சொன்னப்பறம் நான் எங்கங்க மறுத்துப் பேசறது?"

நான் ஊர் மெச்சுவதற்காகச் சொன்ன பொய்யை அவள் எட்டு மாதம் செங்கல் செங்கலாகக் கட்டியிருக்கிறாள். அந்த அறைக்குள் படுத்துக்கொண்டு, பெட்டியில் டிக்கெட்டை ஒளித்து வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சாப்பாடு வரும், தலையணை உறை மாறும், கெண்டி துலங்கும், என் வாய் மட்டும் திறக்காது. வேலையில்லாத மாப்பிள்ளைக்கும் அந்த வீட்டில் அதே மரியாதைதான் நடக்கும். ஒரு வகையில் எனக்குப் பயம் அதுதான். துறைமுகத்தில் கப்பல் இல்லை, சைகோன் துணி வியாபாரம் போய்விட்டது, ஊரில் எனக்கு என்ன வேலை? மீன் துண்டு பெரிதாக வந்து விழுகிற தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்தே கிழவனாகிவிடுவேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, அறையில் உட்கார்ந்திருந்தேன். சுலைகா முக்காலி மேல் ஏறித் திரையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், அங்க உங்க ரூமுல திரை இவ்வளவு ஒசரத்துலதான் இருக்குமா, இன்னும் எறக்கணுமா?"

"அந்த ரூமுல நான் ஒரு நாளும் படுத்ததில்ல சுலைகா" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

அவள் முக்காலியிலேயே நின்றாள். நான் பரணைச் சொன்னேன். லாயத்தைச் சொன்னேன். அந்த அறைக்கு வண்ணம் பூசினேன், படுக்கை விரித்தேன், பாரிஸ்காரர்களின் பெட்டியைத் தூக்கிப் போய் வைத்தேன், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு என்றேன்.

"லாயம்னா, குதிர இருக்குமா?"

"கழுத."

அவள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. இறங்கி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டிக்கெட்டப் பாத்தேன் மச்சான். நீங்க வந்த மறுநாளே. சட்டைய எடுத்து மடிக்கப் போனேன், அடியில இருந்துச்சு." கையில் இருந்த நூலை விரலில் சுற்றினாள். "ரூமு பத்தலன்னு நெனச்சேன். எங்கயோ ஒண்ணு விட்டுப்போச்சு, அதான் இவங்களுக்கு மனசு நிக்கலன்னு நெனச்சேன். நெதமும் பழைய காயிதத்த எடுத்து வச்சுப் படிச்சுப் பாப்பேன், எத விட்டோம்னு."

எனக்கு அப்போது வந்த வெட்கத்தை இன்று எழுதும்போதும் உணர்கிறேன். ரூமில் ஒன்றும் குறையில்லை, எனக்குத்தான் இங்கே வேலை இல்லை என்றேன். மரியாதையை மட்டும் தின்றுகொண்டு எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்டேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள்.

"அது கெடக்கட்டும். இப்பவாச்சும் நெசத்தச் சொல்லுங்க. இந்த ரூமு புடிச்சிருக்கா?"

பதினோரு வருஷமாக மாப்பிள்ளையாக இருந்தவன் சொல்ல வேண்டிய பதில் எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லவில்லை.

"திரையில கவிச்சி அடிக்குது" என்றேன். "கடக்காத்து அடிச்சா மீன் கடைக்குள்ள படுத்த மாதிரி இருக்கு. செவுத்தப் பாத்தா டிரங்குப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டுன மாதிரி இருக்கு. ஜன்னல் கதவு கையைக் கிழிக்குது. சித்திரையில குளிர்காய எந்தக் கிறுக்கன் அடுப்பு கட்டுவான்?"

சுலைகா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கதவைப் பார்த்துக் கத்தினாள்: "உம்மா! மாப்புள கொறை சொல்லிட்டாங்க!"

போச்சு, பெரிய பிழை செய்துவிட்டேன் என்று எழுந்து நின்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! இப்பத்தான் இவங்க நம்ம வூட்டுப் புள்ளயா ஆயிருக்காங்க."

பிறகு நடந்ததையெல்லாம் நீட்ட வேண்டியதில்லை. திரையை இறக்கி எலுமிச்சை இலை போட்டு இரண்டு முறை வேகவைத்தார்கள். ஜன்னல் கதவுகளை நானே தேய்த்து வழவழப்பாக்கினேன். மாமி வீட்டில் மாப்பிள்ளை வேலை செய்வதைப் பார்க்கத் தெருவே கூடி நின்றது. ஆசாரியும் வந்து பார்த்துவிட்டு, நான் சுரண்டிக் காட்டிய விதத்தில் ஒரு நியாயம் இருப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் தம் பேரைச் சொல்லக் கூடாது என்பதில் மாறவில்லை. அடுப்பை இடித்துவிடலாமா என்று சுலைகா கேட்டாள். இருக்கட்டும் என்றேன். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் ஈர மணலைப் பரப்பி அதற்குள் தண்ணீர்ப் பானையை வைத்துவிட்டாள். புகைப்போக்கி வழியே காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தத் தண்ணீர் அப்படிக் குளிர்ந்தது. அக்கம்பக்கத்தில் காய்ச்சல்காரருக்கு நாக்கு வறண்டால்கூட எங்கள் அடுப்பிலிருந்துதான் தண்ணீர் மொண்டு போவார்கள். புறப்படும் நாளில் அவள், "ரெண்டு சீசன். அதுக்கு மேல ஒரு நாளும் தாங்க மாட்டேன். காயிதத்துல உள்ளத உள்ளபடி எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வரும்போது அந்த அறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து மதாமிடம் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இந்த ரோஜாவைப் போட்டது யார், எந்த நூற்றாண்டுப் பாணி என்று கேட்டார். டிரங்குப் பெட்டி என்பதைப் பிரெஞ்சில் எவ்வளவு விளக்கியும் அவருக்கு ஏறவில்லை. நாலாம் எண் அறையின் சுவருக்கு அதே பூவைப் போடு என்று உத்தரவாகிவிட்டது. எனக்கு என்ன கஷ்டம்? இரண்டு இலை, ஒரு மஞ்சள் புள்ளி. இப்போது பாரிஸ்காரர்கள் அந்த அறையைக் கேட்டுத்தான் முதலில் எழுதிப் போடுகிறார்கள். இதுதான் அசல் பழைய கிராமம் என்று ஒரு கனவான் தம் மனைவிக்கு விளக்கியதை என் காதால் கேட்டேன். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

குளிர்காலத்தில் விருந்தாளிகள் வருவதில்லை. கழுதை செத்துப்போனதால் பரணும் விறைத்துவிட்டது. இந்த வருஷம் மதாம் என்னை நாலாம் எண் அறையிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வாக்குக் கொடுத்தபடி உள்ளதை உள்ளபடி சுலைகாவுக்கு எழுதினேன்: இப்போது நான் நாலாம் எண் அறையில் படுக்கிறேன். பதில் வந்தது. மாமி நலம், தண்ணீர் நலம், இன்னும் ஒரு சீசன்தான் பாக்கி, பொய் எழுதுகிற பழக்கத்தை மட்டும் நீங்கள் விடவே இல்லை என்று எழுதியிருந்தாள்.

வெளியே பனி விழுகிறது. விறகை அடுக்கித் தீ மூட்டி, சுவர் முழுக்க நம் கடைத்தெரு ரோஜாக்கள் சூழ உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அறை கதகதப்பாக இருக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த அடுப்பில் குளிர்காயும்போதெல்லாம் எனக்குத் தாகம் எடுக்கிறது.